பிசினஸ் பாடம் நடத்த சந்தைக்காரங்களையும் கூப்பிடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம மாவட்டத்துல ஏதாவது ஒரு காலேஜ்ல தொழில்முனைவோர் மையம் திறந்தாச்சுன்னு உங்க பேப்பர்ல அடிக்கடி செய்தி வருது, குத்துவிளக்கு, பொன்னாடை, பேனர், பக்கத்துல சிரிச்சுக்கிட்டு நிக்கிற பிள்ளைங்கன்னு போட்டோவும் போடுறீங்க, சந்தோசந்தான், குறை சொல்லல. ஆனா அந்த மையத்துக்குள்ள யாரு பாடம் நடத்துறாங்க, அவங்க வாழ்க்கையில ஒரு பொருளையாவது வித்திருக்காங்களான்னு ஒரு வரிகூட இருக்காது. நான் தக்கலை பக்கம் நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு கடை கடையா லைன் போடுற ஆளு, எனக்கு அதுதான் மொத கேள்வி.

எங்க அக்கா மவன் எம்பிஏ படிக்கான், காலேஜ் பேரு வேண்டாம். பிசினஸ் பிளான் எழுதிட்டு வான்னு சொல்லியிருக்காங்க, பய தேன்ல சோப்பு செஞ்சு விக்கிறதா ஒரு கம்பெனிய பேப்பர்லயே ஆரம்பிச்சு அஞ்சு வருசத்துக்கு லாபக்கணக்கு போட்டு, மூணாம் வருசம் துபாய்க்கு ஏற்றுமதி, கலர் பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங்னு கொண்டுபோய் குடுத்து நல்ல மார்க்கும் வாங்கிட்டான். மார்த்தாண்டத்துல தேன் எடுக்கிறவங்க யார்ட்டயாவது பேசுனியாடேன்னு கேட்டேன், அது சிலபஸ்ல இல்ல மாமாங்கான். ரப்பர் மரம் இலை கொட்டி தளிர் விடுற சீசன்லதான் பெட்டியில தேன் நல்லா ஏறும்னு அங்க சின்னப் பிள்ளைக்குக்கூட தெரியும், இவனுக்கு தெரியல, ஆனா பிளான்ல பன்னிரண்டு மாசமும் ஒரே அளவுக்கு தேன் வாங்குறதா கணக்கு போட்டு வச்சிருக்கான். திருத்துன சாருக்கும் அது கண்ணுல படல பாருங்க.

நான் சொல்ல வந்தது, புதுத் தொழில் தொடங்குறத பாடம் நடத்துற விதத்தயே மாத்துன ஸ்டீவ் பிளாங்க்னு ஒரு அமெரிக்காக்காரர பத்தி. 1953ல பொறந்தவரு, மிச்சிகன் யூனிவர்சிட்டில சேந்து ஒரு செமஸ்டரோட வெளிய வந்துட்டாரு, அப்புறம் ஏர்ஃபோர்ஸ், வியட்நாம் சண்டை நேரத்துல தாய்லாந்துல இருந்து சண்டை விமானத்து எலக்ட்ரானிக்ஸ் சாமான ரிப்பேர் பாத்தாரு. 1978ல சிலிகான் வேலிக்கு வந்து அடுத்த 21 வருசத்துல 8 ஸ்டார்ட்அப் கம்பெனில, அதாவது புதுசா தொடங்குன கம்பெனில, இருந்தாரு. எல்லாம் ஓடுச்சுன்னு நினைக்காதீங்க. ராக்கெட் சயின்ஸ் கேம்ஸ்னு 90கள்ல வீடியோ கேம் கம்பெனி ஒண்ணு ஆரம்பிச்சாரு, பெரிய பத்திரிகை அட்டையில எல்லாம் வந்து ஒரே ஆர்ப்பாட்டம், கேம் வாங்க ஆள் இல்ல, பைசா போட்டவங்களோட 3.5 கோடி டாலர் போச்சு. அதுக்கு அடுத்து 1996ல வீட்டு ஹால்ல வச்சு ஆரம்பிச்ச எபிஃபனி கம்பெனிதான் பெருசா ஓடுச்சு, அது 1999ல ஷேர் மார்க்கெட்டுக்கு போற நேரத்துல இவரு ரிட்டயர் ஆயிட்டாரு.

இதுவரைக்கும் இருக்கிறது எல்லா கோடீஸ்வரன் கதையிலயும் இருக்கிறதுதான், எனக்கு புடிச்சது அதுக்கு அப்புறம் நடந்தது. சும்மா இருந்த நேரத்துல தன் அனுபவத்த எழுத உக்காந்திருக்காரு, ஒரு எண்பது பக்கம் எழுதுனப்புறம் ஒண்ணு பிடிபட்டிருக்கு, ஜெயிச்சவன் எல்லாம் எங்கயோ ஒரு கட்டத்துல ஆபீஸ விட்டு வெளிய போய் வாங்குறவன்கிட்ட பேசியிருக்கான், தோத்தவன் எல்லாம் உள்ளயே உக்காந்து பிளான திருத்திக்கிட்டு இருந்திருக்கான். இதையே ஒரு பாடமா நடத்தலாமேன்னு கேட்டப்போ, டிகிரி முடிக்காத அந்த ஆளுக்கு பெர்க்லி யூனிவர்சிட்டி ஹாஸ் பிசினஸ் ஸ்கூல் கிளாஸ்ரூம திறந்து விட்டுச்சு, அப்புறம் ஸ்டான்ஃபோர்டும். நம்ம ஊருல கேட்டுக்கே விடமாட்டாங்க, வாட்ச்மேனே சர்டிபிகேட் கேப்பாரு.

அவரு கேட்ட கேள்வியும் நியாயமான கேள்வி. ஹார்வர்டுல 1908ல பிசினஸ் ஸ்கூல் தொடங்குனது ஏற்கனவே ஓடிக்கிட்டு இருந்த பெரிய பெரிய கம்பெனிய நிர்வாகம் பண்ண ஆள் தயார் பண்ணத்தான், அங்க கணக்கு, திட்டம், பட்ஜெட் எல்லாம் அர்த்தத்தோட இருக்கும். ஆனா இன்னும் யாரு வாங்குவான்னே தெரியாத ஒரு புதுத் தொழிலுக்கு அதே பாடத்த நடத்துனா எப்படி? பெரிய கம்பெனியோட குட்டி இல்ல ஸ்டார்ட்அப், அது இன்னும் வழி தேடிக்கிட்டு இருக்கிற ஒண்ணுங்கிறாரு. 2004 வாக்குல ஒரு கம்பெனிக்கு பைசா போட்டப்போ, என் கிளாஸ்ல வந்து உக்காந்தாத்தான் பைசான்னு நிபந்தனையே போட்டிருக்காரு, அப்படி வந்து உக்காந்த எரிக் ரீஸ்தான் பிற்பாடு இந்த முறைய லீன் ஸ்டார்ட்அப்புன்னு பேரு வச்சு உலகம் பூரா பரப்புன ஆளு.

2011 ஜனவரில ஸ்டான்ஃபோர்டுல லீன் லாஞ்ச்பேட்னு ஒரு கிளாஸ் தொடங்குனாரு. பிசினஸ் பிளானே கிடையாது, ஒரே ஒரு தாள்ல ஒம்பது கட்டம், யாருக்கு விக்கப்போற, எப்படி கொண்டு சேப்ப, பைசா எங்க வரும் எங்க போகும்னு, அதுல எழுதுறது எல்லாம் உன் ஊகம்னு மொத நாளே சொல்லிருவாங்க. வாரம் பத்து பதினஞ்சு பேர்கிட்ட நேர்ல போய் பேசணும், அடுத்த கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் நின்னு எந்த ஊகம் தப்பாப் போச்சுன்னு சொல்லணும், வாத்தியாருங்க அங்கேயே வச்சு கிழிப்பாங்க. அந்த மொத பேட்ச்ல ஒரு டீம் தானா ஓடுற புல் வெட்டுற மெஷின் செய்யணும்னு வந்திச்சு. வெளிய போய் பேசப் பேச புல்லு வெட்டுறத விட களை எடுக்கிறதுதான் பெரிய தலைவலின்னு தெரிஞ்சிருக்கு, மருந்தடிக்க முடியாத இயற்கை விவசாயம் பண்றவங்க ஆள விட்டு கையால களை பறிக்க கொட்டிக் குடுக்காங்க. அப்படியே மெஷின மாத்துனாங்க, செடி எது களை எதுன்னு கேமரா வச்சு பாக்கிற மெஷின், புளூ ரிவர் டெக்னாலஜின்னு கம்பெனி, 2017ல டிராக்டர் கம்பெனி ஜான் டீர் அத 30.5 கோடி டாலருக்கு வாங்கிருச்சு. மெத்தையில உக்காந்து பிளான் எழுதியிருந்தா இன்னைக்கும் புல்லுதான் வெட்டிக்கிட்டு இருந்திருப்பாங்க.

அதே 2011ல ஆராய்ச்சிக்கு பைசா குடுக்கிற அமெரிக்க அரசோட நேஷனல் சயின்ஸ் ஃபவுண்டேஷன் இந்த கிளாஸ அப்படியே எடுத்து ஐ-கார்ப்ஸ்னு விஞ்ஞானிகளுக்கு நடத்த ஆரம்பிச்சிருச்சு, டீமுக்கு 50,000 டாலர் குடுத்து 100 பேர்கிட்ட பேசிட்டு வாங்கன்னு விரட்டி விடுறாங்க. ஒரு வாத்தியாரோட ஒரு கிளாஸ் அரசாங்கத்து திட்டமா மாறுனதுதான் எனக்கு கல்வி சீர்திருத்தமா படுது. புது சிலபஸ்னு புஸ்தகத்துக்கு அட்டைய மாத்துறது இல்ல.

இதுல எனக்கும் சந்தேகம் இல்லாம இல்ல. ஸ்டான்ஃபோர்டு பிள்ளைங்களுக்கு கார் இருக்கும், நேரம் இருக்கும், நம்ம பிள்ளைங்க சாயங்காலம் காலேஜ் பஸ்ஸ விட்டா அருமனைக்கும் பேச்சிப்பாறைக்கும் எப்ப வீடு சேர்றது, பொம்பளப் பிள்ளைங்கன்னா வீட்டுல கேள்வி வேற, பாதிப் பேரு பார்ட்டைம் வேலைக்கு போறான். அதனால வெளிய போறத காலேஜ் நேரத்துக்குள்ளயே வைக்கணும், கிளாஸா வைக்கணும், மார்க்கு குடுக்கணும், சும்மா ஞாயித்துக்கிழமை போய்ட்டு வாங்கன்னா எவனும் போகமாட்டான், போகாமலே பாரத்த நிரப்பிக் குடுத்துருவான்.

இன்னொண்ணு, இதுதான் நம்ம ஊருக்குன்னே உள்ள சிக்கல். நம்ம ஆளுங்களுக்கு முகத்துக்கு நேரா வேண்டாம்னு சொல்ல வராது. ஒரு பிள்ளை போய் ஆண்ட்டி நான் இப்படி ஒரு பொருள் செய்யப்போறேன் வாங்குவீங்களான்னு கேட்டா, செய்யி மக்கா, நல்லா வரும், வாங்குவோம்னு சொல்லி ஒரு காப்பியும் குடுத்து அனுப்புவாங்க, அது பதிலே இல்ல, அது மரியாதை. நான் மசாலா சிப்ஸ் போட்டப்போ திங்கச் சந்தையில இருந்து குழித்துறை வரைக்கும் எல்லா கடைக்காரரும் சூப்பர் அண்ணாச்சின்னாரு, பாக்கெட் பூரா ரிட்டன் வந்துச்சு. கடைக்காரர்கிட்ட கேக்க வேண்டியது வேற, இப்ப எந்த பாக்கெட் மொதல்ல தீருது, எது தூசி பிடிச்சு கிடக்கு, எந்த லைன்காரன் ரிட்டன் எடுக்க இழுத்தடிக்கான், எவ்வளவு நாள் கிரெடிட் குடுக்கான், இதக் கேட்டா மனுசன் அரைமணி நேரம் நிறுத்தாம பேசுவாரு, அதுல பாதி வசவா இருக்கும், அந்த வசவுலதான் விசயம் இருக்கு. இத பிள்ளைங்களுக்கு புஸ்தகம் பாத்து எப்படி சொல்லிக் குடுக்கிறது? தோவாளையில விடியக்கால பூ ஏலம் எடுக்கிறவரு ஒரு மணி நேரம் பேசுனா விலை எப்படி உருவாகுதுன்னு தெரிஞ்சுக்கலாம், பிச்சிப்பூ சாயங்காலத்துக்குள்ள விக்கலேன்னா குப்பைதான், அந்த பயத்துல விலை சொல்றவருக்கு தெரியாத எக்கனாமிக்ஸா?

இந்த மாதிரி சந்தைக்காரங்களுக்கு பிஎச்டி இல்லையே, வாத்தியார் வேலைக்கு உள்ள நெட் பரீட்சை பாஸாகலையே, எப்படி கிளாஸ்ல விடுறதுன்னு காலேஜ்காரங்க சொல்லலாம். 2022லயே யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, அதுக்கு வழி பண்ணிருச்சு, புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்னு ஒரு ஏற்பாடு. தொழில்ல குறைஞ்சது 15 வருச அனுபவம் வேணும், படிப்பு தகுதி கட்டாயம் இல்ல, அனுமதிச்ச பணியிடத்துல 10 சதவீதம் வரைக்கும் இப்படி எடுக்கலாம், மூணு வருசம், ரொம்ப அவசியம்னா இன்னொரு வருசம். சட்டத்துல கதவு திறந்துதான் இருக்கு. நான் விசாரிச்ச ஒரு காலேஜ்ல அப்படி யாரையும் எடுக்கல சார், கெஸ்ட் லெக்சர் வேணும்னா ஒண்ணு வைக்கலாம்னாங்க. கெஸ்ட் லெக்சர்னா தெரியும்லா, ஒரு சால்வை, ஒரு மொமண்டோ, பின்வரிசையில பிள்ளைங்க செல்போன் நோண்டும். யுஜிசிக்காரங்க எழுதுன விதத்துலயும் குறை இருக்கு, அத படிச்சா பெரிய கம்பெனி மேனேஜர், ரிட்டயர்டு ஆபீசர்னுதான் கண்ணுக்கு தெரியுது, கோட்டாறு மொத்தக்கடை மொதலாளியோ முந்திரி ஆலை நடத்துற அக்காவோ அதுல வருவாங்கன்னு யாருக்கும் தோணாது. வர முடியும், காலேஜ் மனசு வச்சா.

இதெல்லாம் ஸ்டீவ் பிளாங்க் சொல்லித்தான் நமக்கு தெரியணும்னும் இல்ல. 1820கள்லயே நாகர்கோவில்ல மிஷனரி மார்த்தா மால்ட் அம்மா பெண்பிள்ளைங்களுக்கு எழுத்தோட சேத்து லேஸ் பின்னவும் சொல்லிக் குடுத்தாங்க, அத வித்த பைசாவும் பள்ளிக்கூடத்துக்கு உதவுச்சு. 1920கள்ல மார்த்தாண்டம் ஒய்எம்சிஏல கிராம முன்னேற்ற வேலை பாத்த ஸ்பென்சர் ஹேட்ச் தேனீ வளக்க, கோழி வளக்க சொல்லிக் குடுத்ததோட நிக்காம தேனையும் முட்டையையும் ஒண்ணா சேத்து விக்கிறதுக்கும் வழி பண்ணாரு, படிப்பும் யாவாரமும் ஒரே இடத்துல. 2011 சென்சஸ்ல 91.75 சதவீதம் எழுத்தறிவு, தமிழ்நாட்டுலயே மொத இடம் நம்ம மாவட்டம், அப்படி படிச்ச பிள்ளைங்கதான் கல்ஃபுக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் வண்டி ஏறுது. போகக்கூடாதுன்னு நான் சொல்லல, இங்க என்ன இருக்குன்னு விசாரிச்சு பாத்துட்டாவது போகட்டுமே. மட்டிப்பழத்துக்கு 2023ல புவிசார் குறியீடு வந்துச்சு, நல்லது, அத வச்சு விலை எவ்வளவு கூடுச்சு, யாருக்கு கூடுச்சு, குலை வெட்டுறவனுக்கா நடுவுல நிக்கிறவனுக்கான்னு ஒரு எம்பிஏ பேட்ச் போய் கேட்டு வந்தா அந்த ரிப்போர்ட்ட நானே பைசா குடுத்து வாங்குவேன்.

ஆசிரியர்கிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவ இந்த மாதிரி திறப்பு விழாவுக்கு உங்க நிருபர் போகும்போது ரெண்டு கேள்வி கேட்டு செய்தியில போடச் சொல்லுங்க, புரொபசர் ஆஃப் பிராக்டிஸா யார எடுத்திருக்கீங்க, இந்த செமஸ்டர்ல ஒவ்வொரு பிள்ளையும் காலேஜுக்கு வெளிய எத்தனை யாவாரிகிட்ட பேசணும்னு வச்சிருக்கீங்க. பதில் இல்லேன்னா பதில் இல்லன்னே போடுங்க. எங்க பட்டறைக்கு பிள்ளைங்கள அனுப்புறதா இருந்தா தாராளமா அனுப்பட்டும், சீவுறது, வறுக்கிறது, தேங்காய் எண்ணெய் இன்னைக்கு விக்கிற விலைக்கு ஒரு கிலோ சிப்ஸ்ல என்ன மிஞ்சும்ங்கிற கணக்கு எல்லாத்தையும் ஒளிக்காம காட்டுறேன். காலையில அஞ்சு மணிக்கு எண்ணெய் காய ஆரம்பிச்சிரும், பத்து மணிக்கு மேல வந்தா நான் லைனுக்கு போயிருப்பேன்.

இப்படிக்கு,
சிப்ஸ் யாவாரி ஒருத்தர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.