பித்தளை விளக்கும் சனிக்கிழமை

பிட்ஸ்பர்க்
பொங்கல் கழிந்து மூன்றாம் நாள்

அன்புள்ள ரங்கா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலிக்கு நீ எழுதிய எண்ணெயை இந்த ஊரில் எந்தக் கடையில் போய்க் கேட்பேன்? பனி முழங்கால் வரைக்கும் கிடக்கிறது. பென் ஹில்ஸ் பெருமாள் கோவிலுக்குப் போய்ப் பொங்கலை முடித்துக்கொண்டோம். மற்றபடி நலம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் கும்பகோணம் வந்த இடத்தில் சும்மா இருக்காமல் உன்னிடம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். "அப்பா சனிக்கிழமை ஆனால் பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து தோட்டா செய்கிறார்" என்று. அதற்கு நீ இரண்டு பக்கம் திட்டி எழுதியிருக்கிறாய். மகாமகக் குளத்துப் படியில் தண்ணீர்ப் பாம்பைப் பார்த்துச் செருப்பை விட்டுவிட்டு ஓடியவனா நீ என்று கேட்டிருக்கிறாய். அவனேதான். அவன் இப்போதும் எதையும் கொல்வதில்லை. நூறு கஜம் தள்ளி நிற்கும் அட்டையில் வட்டம் போட்டுச் சுடுகிறான், அவ்வளவுதான். அதுவும் மாதம் ஒரு தடவை. மீதி சனிக்கிழமையெல்லாம் பித்தளை விளக்குவதிலேயே போகிறது.

ஆமாம், பித்தளை. உனக்குப் புரியும்படி சொல்கிறேன். ஒரு தோட்டாவில் நான்கு பொருள். முன்னால் குண்டு, உள்ளே வெடிமருந்து, அடியில் ப்ரைமர், இவற்றைப் பிடித்து வைத்திருக்கும் பித்தளைக் கூடு. ப்ரைமர் வேறொன்றும் இல்லை, தீபாவளிக்கு நாம் கல்லால் தட்டுவோமே கேப்பு, அதற்குப் பெரியண்ணன். சுட்டதும் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், ப்ரைமர் செத்துவிடும். கூடு மட்டும் முழுசாக மிஞ்சும். எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். தோட்டாவின் விலையில் பெரிய பங்கு அதற்குத்தான். ஆனால் இங்கே பாதிப் பேர் சுட்டுவிட்டு அதைத் தரையிலேயே விட்டுப் போகிறார்கள். பித்தளையை, ரங்கா! உங்கள் பாத்திரப் பட்டறையில் வெட்டித் துண்டு ஒன்று காலில் பட்டால்கூட உன் அப்பா குனிந்து எடுத்து டப்பாவில் போடுவார். முதல் நாள் இங்கே துப்பாக்கி சுடும் மைதானத்தில் தரையெல்லாம் மஞ்சளாக மின்னியதைப் பார்த்தபோது எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வந்தது. குனிந்து பொறுக்க ஆரம்பித்தவன்தான், இன்னும் நிமிரவில்லை.

என்னை அங்கே கூட்டிப்போனவர் பக்கத்து வீட்டு ஜிம். இரும்பாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். வந்த புதிதில் நான் வேலை விசாவில் இருந்தேன். அந்த விசாக்காரன், வேட்டை உரிமம் மாதிரி சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. பச்சை அட்டை வந்த பிறகுதான் அவர் வீட்டுப் பேஸ்மென்ட் பக்கமே போனேன். இந்த மாநிலத்தில் மான் வேட்டை என்றால் திருவிழா மாதிரி. பல ஊர்களில் அதற்குப் பள்ளிக்கூடமே விடுமுறை. ஜிம் என்னைக் காட்டுக்குக் கூப்பிட்டுப் பார்த்தார், நான் வரமாட்டேன் என்றேன். சரி, அப்படியானால் தோட்டா செய்யும் பெஞ்சில் உட்கார் என்றார்.

அவர் பெஞ்சில் பச்சைப் பெயின்ட் அடித்த வார்ப்பிரும்பு ப்ரெஸ் ஒன்று இருக்கிறது. ஒரு கைப்பிடி, ஒரு அச்சு. கரும்பு ஜூஸ் கடைக்காரன் சக்கரத்தை இழுப்பதுபோல இழுக்க வேண்டும். சுட்ட கூடு அழுத்தத்தில் உப்பியிருக்கும். அச்சுக்குள் ஏற்றி இறக்கினால் பழைய அளவுக்கு வரும், செத்த ப்ரைமரும் டிக்கென்று கீழே விழும். அந்தச் சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அதற்கு முன்னால் விளக்க வேண்டும். உமி மாதிரி பொடித்த மக்காச்சோளக் கட்டையோடு சேர்த்து டிரம்மில் போட்டு உருட்டுவது ஒரு முறை. சிட்ரிக் அமிலத் தண்ணீரில் சின்னச் சின்னக் கம்பித் துண்டுகளோடு உருட்டுவது இன்னொரு முறை. சிட்ரிக் அமிலமா, நம்ம ஊரில் புளி இருக்கும்போது எதற்கு என்று நான் ஒருநாள் இந்தியக் கடைப் புளியைக் கரைத்து ஊற்றினேன். அரைமணியில் கோவில் குத்துவிளக்கு மாதிரி ஆகிவிட்டது. ஜிம்முக்கு வாய் அடைத்துப்போயிற்று. பேஸ்மென்ட் முழுக்க ரச வாசனை. அந்தத் திமிரில் அடுத்த வாரம் இருநூறு கூடுகளை ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காலையில் பார்த்தால் எல்லாம் இளஞ்சிவப்பு. துத்தநாகத்தைப் புளி தின்றுவிட்டுச் செம்பை மட்டும் மேலே விட்டிருக்கிறது. இதை இனி நம்ப முடியாது என்று அத்தனையையும் பழைய உலோகக்காரனிடம் போட்டேன். உன் அம்மா வெண்கலப் பானையில் புளியை வைத்துவிட்டுப் போய்ப் படுத்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. தேய்த்தால் உடனே கழுவிவிடுவார். நான்தான் பார்த்தும் கற்றுக்கொள்ளவில்லை.

இன்னொன்று, இதை நீ ரசிப்பாய். அம்மோனியா கலந்த பாலிஷ் எதையும் கூட்டின்மேல் தடவக் கூடாது என்பது இங்கே முதல் பாடம். ஏன் என்று தோண்டிப் போனால் கதை நம்ம நாட்டில் வந்து நிற்கிறது. வெள்ளைக்காரப் பட்டாளம் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் அடுக்கி வைத்ததாம். மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் கூடுகளில் விரிசல். யாரும் சுடவில்லை, யாரும் கீழே போடவில்லை, தானாகவே கீறியிருக்கிறது. பருவத்துக்குப் பருவம் வந்ததால் 'சீசன் கிராக்கிங்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1921இல்தான் காரணம் தெளிவானது. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியா, இழுத்து நீட்டிச் செய்ததால் பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கம், இரண்டும் சேர்ந்து செய்த வேலை. தீயில் காட்டி அந்த இறுக்கத்தைத் தளர்த்தியிருந்தால் விரிசல் வந்திருக்காது. அதாவது உன் அப்பா ஒவ்வொரு குடத்துக்கும் செய்ததை!

அங்கேதான் வருகிறேன், கொஞ்சம் பொறு.

ரைஃபிளுக்கு நான் சுடுவது .223 என்கிற வகைத் தோட்டா. ஒவ்வொரு தடவை சுடும்போதும் அந்தக் கூடு கொஞ்சம் நீளும். 1.760 அங்குலத்தைத் தாண்டினால் வெட்டிச் சரிசெய்ய வேண்டும். அந்த நீளத்துக்கான பித்தளை எங்கிருந்தோ வரத்தானே வேண்டும்? அடிப்பக்கச் சுவரிலிருந்து வருகிறது. அங்கே உள்ளே மெலிந்துகொண்டே போய் ஒருநாள் கூடு இரண்டாக அறுந்துபோகும். அதைக் கண்டுபிடிக்க ஜிம் வைத்திருக்கும் கருவி என்ன தெரியுமா? காகிதம் கோக்கும் கிளிப் ஒன்று. நிமிர்த்தி, முனையை மட்டும் கொக்கி மாதிரி வளைத்து வைத்திருக்கிறார். அதைக் கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து மேலே மெல்ல இழுப்பார். சுவர் வழவழப்பாக இருந்தால் சரி. நகம் எதிலோ தடுக்கிற மாதிரி ஒரு சின்னத் தடுக்கல் வந்தால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது, தூக்கிப் போடு. அந்தத் தடுக்கலை என் விரல் தெரிந்துகொள்ள ஒரு வருஷம் பிடித்தது.

அப்புறம் மருந்து. இதை நிறுப்பது கிரெய்ன் கணக்கில். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். ஏதோ தானியத்தின் எடையிலிருந்து வந்த அளவுதான், நம்ம ஊரில் நெல்லெடை மாதிரி. ஒரு குன்றிமணி கிட்டத்தட்ட இரண்டு கிரெய்ன் வரும். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குள் போவதே சில குன்றிமணி எடைதான். எந்த மருந்து, எந்தக் குண்டு, எவ்வளவு என்பது புத்தகத்தில் இருக்கிறது. அதில் சொல்லியிருக்கும் குறைந்த அளவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், நம்ம கைப்பக்குவத்தைக் காட்ட இடமே இல்லை. பெரிய கடைத்தெரு ஆசாரி கண்ணாடிப் பெட்டிக்குள் தராசை வைத்து மூச்சை அடக்கிக்கொண்டு நிறுப்பாரே, அதே நிலைமைதான் எனக்கு. ஹீட்டர் காற்று பட்டால்கூட முள் ஆடும்.

ஜிம்மின் ரிவால்வர் .38 ஸ்பெஷல். பெயர்தான் முப்பத்தெட்டு, குண்டை அளந்தால் 0.357 அங்குலம். 1898இல் வந்தது. நிறையக் கொட்ட வேண்டிய கருமருந்துக் காலத்தில் பிறந்ததால் கூட்டுக்கு வயிறு பெரிசு. இப்போதைய மருந்தோ கொஞ்சம் போட்டால் போதும், அடியில் ஒட்டிக் கிடக்கும். அதனால் தவறிப்போய் இரண்டு தடவை கொட்டினாலும் வழியாது, காட்டிக்கொடுக்காது. இரட்டை மருந்து போனால் துப்பாக்கியே வெடிக்கும். நான் செய்தது அதற்கு நேர்மாறு. ஐம்பது குழி உள்ள கட்டையில் கூடுகளை அடுக்கி ஒவ்வொன்றாக மருந்து போட்டுக்கொண்டு வருகிறேன். தஞ்சாவூரிலிருந்து அக்கா போன். கல்யாணப் பேச்சு. பேசி முடித்துத் திரும்பி, விட்ட இடம் என்று நினைத்து அடுத்த குழியிலிருந்து தொடர்ந்துவிட்டேன். ஒரு கூடு காலி. அதன்மேலேயே குண்டையும் அழுத்தி மூடியாகிவிட்டது.

மறுநாள் மைதானத்தில் ஐந்தாவது தடவை விசையை இழுத்தபோது 'டமால்' இல்லை, 'புஸ்' என்று ஒரு சத்தம். ஈரப் பட்டாசு என்று நினைத்து அடுத்ததைச் சுட விரலை வைத்தேன். ஜிம் கத்தவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயைத் தரைப்பக்கம் திருப்பினார். ப்ரைமர் மட்டும் வெடித்துக் குண்டைத் தள்ளிக் குழாயின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. அடுத்த குண்டு வந்து அதில் மோதியிருந்தால் இந்தக் கடிதத்தை இடது கையால் எழுதியிருப்பேன். வீட்டுக்கு வந்து, பித்தளைக் கம்பியை விட்டு மரச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தார். அந்தக் குண்டை என்னிடம் கொடுத்து, "மேஜையில் வை" என்றார். இப்போது என் தராசுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. போன் மாடியில் இருக்கும். குண்டு அழுத்துவதற்கு முன் ஐம்பது கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். ஒரு கிணறு விடாமல் எட்டிப் பார்ப்பதுபோல.

காசு மிச்சமா என்று உன் மகன் கேட்டானாம். ஒரு தோட்டாவுக்கு மிச்சம்தான். ஆனால் மிச்சப்படுத்தியவன் எல்லாம் இரண்டு மடங்கு சுடுகிறான். அதோடு கொரோனா சமயத்தில் ப்ரைமரே கடையில் இல்லை. நாலு சென்ட்டுக்கு வாங்கியது பத்தைத் தாண்டிப் போயிற்று. வீடு வெடித்துவிடாதா என்று உன் சம்சாரம் கேட்டதற்கு: புகையற்ற மருந்து திறந்த இடத்தில் சர்ரென்று எரியும், வெடிக்காது. வாங்கிய டப்பாவிலேயேதான் இருக்கிறது. இங்கே பரவலாக உள்ள தீயணைப்பு விதி வீட்டில் 20 பவுண்டு மருந்து, 10,000 ப்ரைமர் வரை விடுகிறது. என்னிடம் இருப்பது இரண்டு பவுண்டு. எனக்கு நானே செய்துகொள்ள மத்திய அரசு உரிமம் எதுவும் கேட்பதில்லை. விற்க ஆரம்பித்தால்தான் வேண்டும்.

நீ கேட்காமல் கேட்டது ஒன்று இருக்கிறது, ரங்கா. இந்த நாட்டில் துப்பாக்கி என்ன செய்கிறது என்று பேப்பரில் படிக்கிறாய். நான் இங்கேயே இருக்கிறேன். 2018 அக்டோபரில், ஒரு சனிக்கிழமை காலை, இதே ஊரில் ஸ்குவிரல் ஹில்லில் யூதர்கள் வழிபாட்டுக்கு வந்த இடத்தில் ஒருவன் புகுந்து பதினோரு பேரைச் சுட்டுக் கொன்றான். வீட்டிலிருந்து காரில் இருபது நிமிஷம். அன்றைக்கு நான் பெஞ்சில் உட்கார்ந்து கூடு விளக்கிக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து இவள் வந்து டி.வி.யைப் பாருங்கள் என்றாள். பார்த்துவிட்டுக் கீழே போய் விளக்கை அணைத்தவன் ஆறு மாதம் போடவில்லை. இவளும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பதில் எதுவும் கிடைத்து மறுபடி இறங்கினேன் என்று நினைக்காதே. பெட்டி பூட்டியிருக்கிறது, சாவி இவளிடம் இருக்கிறது. தற்காப்பு என்று சொல்லி நான் எதையும் தலைமாட்டில் வைத்துக்கொள்வதில்லை. அப்படி வைத்துக்கொள்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதும் இல்லை. இவ்வளவுதான் என்னால் சொல்ல முடிகிறது.

திரும்பிப் போனது ஜிம்மால். கண்ணில் புரை முற்றிவிட்டது, தராசு முள் அவருக்கு இரண்டாகத் தெரிகிறது. என்னைச் செய்து தரச் சொல்லலாம், ஆனால் சொல்லமாட்டார். அடுத்தவன் அடைத்த தோட்டாவைச் சுடாதே என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் விதி. அதனால் இப்போது ஒரு ஏற்பாடு. முள்ளை நான் பார்த்து எண்ணைச் சொல்வேன். அவர் இன்னொரு முறை கேட்பார். நான் சொல்வேன். பிறகு கைப்பிடியை அவர்தான் இழுப்பார். ஒரு மணி நேரத்தில் முப்பது தோட்டா முடிந்தால் அதிகம்.

இப்போது எனக்கு உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். நாலைந்து தடவை சுட்ட கூட்டின் கழுத்து, அதாவது குண்டைப் பிடிக்கும் வாய்ப்பக்கம், இறுகி விரிசல் விட ஆரம்பிக்கும். அதைத் தீயில் காட்டி இளக்க வேண்டும், கழுத்தை மட்டும். சூடு அடிக்கு இறங்கி அங்கேயும் இளகிவிட்டால் ஆபத்து. இங்கே அதற்கென்று நிறம் மாறும் திரவமெல்லாம் விற்கிறார்கள். ஜிம் அதை வாங்குவதில்லை. லைட்டை அணைத்துவிட்டுச் சுடரில் காட்டிக் கழுத்து மங்கலாகச் சிவக்கத் தொடங்கியதும் எடுத்துவிடுவார். இப்போது அவர் கண்ணுக்கு அந்தச் சிவப்பு தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது, ஆனால் எந்தச் சிவப்பு என்று தெரியவில்லை. உங்கள் பட்டறையில் சாயங்காலம் ஆனதும் உன் அப்பா வாசல் தட்டியை இறக்கி, பல்பை அணைத்துவிட்டுத்தான் துருத்தி போடச் சொல்வார். கரண்ட் மிச்சம் பிடிக்கிறார் என்று நாம் சிரிப்போம். குடத்தைத் தீயிலிருந்து எடுக்கும் முன் அந்த நிறத்துக்கு அவர் ஏதோ ஒரு பெயர் சொல்லுவார், ஏதோ பழத்தின் பெயர். உன் அண்ணனுக்கு ஞாபகம் இருக்கும். கேட்டு எழுது.

அன்புடன்,
சேது