கட்ச் பாலை நிலத்து அருங்காட்சியகங்களில் எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

கட்ச் மாவட்டத்தில் எங்கள் பயணத்துக்கு உதவிய அனைவருக்கும் பணிவான வணக்கம்.

வரலாற்றிலும் கைவினைகளிலும் ஈடுபாடு கொண்ட நண்பர்களாகிய நாங்கள், குஜராத்தின் வடமேற்கு எல்லையில், உப்புப் பாலையான ரண் நிலத்தை ஒட்டியுள்ள அருங்காட்சியகங்களையும் பண்பாட்டு மையங்களையும் காண்பதற்காகவே இங்கு வந்தோம். எங்களில் பலருக்குக் குஜராத்தியும் தெரியாது, கச்சி மொழியும் தெரியாது. முதுமையால் நெடுநேரம் நிற்க இயலாதவர்களும் எங்களோடு இருந்தார்கள். அப்படியிருந்தும், பார்க்க விரும்பியவற்றை ஆற அமரப் பார்த்து, கேட்க விரும்பியவற்றைத் தயக்கமின்றிக் கேட்டுத் திரும்பினோம் என்றால் அதற்கு நீங்களே காரணம். விடைபெறும்போது ஒவ்வொருவரிடமும் சொன்ன நன்றி போதாது என்று எங்களுக்குத் தோன்றியதால் இம்மடலைப் பொதுவில் எழுதுகிறோம். உங்களில் சிலர் கேட்டுக்கொண்டபடி எவர் பெயரையும் குறிப்பிடவில்லை. உங்கள் பணியைச் சொன்னாலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி புஜ் நகரில் உள்ள கட்ச் அருங்காட்சியகத்தின் ஊழியர்களுக்கு உரியது. 1877இல் தொடங்கப்பட்டு, ஒரு காலத்தில் ஃபெர்குசன் அருங்காட்சியகம் என்று அறியப்பட்ட இது, குஜராத்தின் மிகப் பழைய அருங்காட்சியகம். மேற்கு இந்தியாவை ஆண்ட சக மரபு அரசர்களான சத்ரபர் காலக் கல்வெட்டுகள் இங்குள்ளன; அவற்றைப் பற்றி நாங்கள் முன்பே படித்திருந்தோம். ஆனால் தேய்ந்த கல்லின் முன் நின்றபோது எழுத்து எதுவும் எங்கள் கண்ணுக்குப் புலப்படவில்லை. அதைக் கண்ட ஊழியர் ஒருவர், கைவிளக்கைக் கொண்டுவந்து ஒளி பக்கவாட்டில் விழும்படி பிடித்து, நிழலில் வரிவடிவங்கள் எழுந்து வருவதைக் காட்டினார். சாஷ்டனன், ருத்ரதாமன் என்னும் சத்ரப அரசர்களின் காலத்தைச் சேர்ந்த, சக ஆண்டு 52, அதாவது கி.பி. 130 என்று கணிக்கப்படும் அந்தௌ கல்வெட்டுகள் அவை. சகோதரிக்காகவும் சகோதரனுக்காகவும் மனைவிக்காகவும் ஒரு குடும்பத்தார் நட்ட நினைவுக் கற்களில் பொறிக்கப்பட்டவை. நடுகல் மரபில் வந்த எங்களுக்கு, அரசனின் வெற்றியைப் பேசாமல் வீட்டாரின் இழப்பைப் பேசும் அந்தக் கற்கள் மிக நெருக்கமானவையாகத் தோன்றின. மதிய இடைவேளை நெருங்கியும் அவசரப்படுத்தாமல், ஒவ்வொரு கல்லாக எங்களை அழைத்துச் சென்ற அந்தப் பொறுமைக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஐனா மகாலில் நுழைவுச்சீட்டு வழங்கிய பெரியவருக்கும் எங்கள் நன்றி. 18ஆம் நூற்றாண்டில் கட்ச் அரசர் ராவ் லக்பத்ஜிக்காக, ஐரோப்பாவில் தொழில் பயின்று திரும்பிய ராம்சிங் மாலம் கட்டிய இந்தக் கண்ணாடி மாளிகை, 2001ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பெரும் சேதமடைந்தது. எஞ்சிய பகுதிகளை மீட்டு மக்கள் பார்வைக்கு மீண்டும் திறந்து வைத்திருப்பது எளிய செயலன்று. எது பழைய பகுதி, எது பின்னர் சீரமைக்கப்பட்டது என்பதை அவர் ஒளிக்காமல் சுட்டிக்காட்டியதை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம்.

தோலாவிராவைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ரண் நடுவே, காதிர் என்னும் தீவுபோன்ற மேட்டு நிலத்தில் அமைந்த இந்த ஹரப்பா நாகரிக நகரம், 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டி அருகிலுள்ள கிராமத்தவர், தொல்லியலாளர் ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையில் 1990 முதல் நடந்த அகழாய்வில் இந்த வழிகாட்டியின் உறவினர்கள் மண் அள்ளியிருக்கிறார்கள். அதனாலோ என்னவோ, அவர் அந்த நகரத்தைப் பற்றிப் பேசியது தம் ஊரைப் பற்றிப் பேசுவதாகவே இருந்தது. மன்சர், மன்ஹர் என்னும் இரண்டு ஓடைகளிலும் மழைக்காலத்தில் மட்டுமே நீர் ஓடும். அந்த நீரை அணைகட்டித் திருப்பி, நிலத்தின் சரிவைப் பயன்படுத்தி, நகரைச் சுற்றிலும் பாறையைக் குடைந்தும் கல்லடுக்கியும் அமைத்த நீர்த்தேக்கங்களுக்குள் கொண்டுசேர்த்த முறையை, அவர் வெறும் சொல்லால் விளக்காமல், நீர் சென்ற வழியிலேயே எங்களை நடக்க வைத்து விளக்கினார். மேலிருந்து கீழாக அந்தச் சரிவில் இறங்கிய பிறகே, குடிநீருக்காக ஒரு நகரம் எவ்வளவு நுட்பமாகத் திட்டமிட்டிருக்கிறது என்பது எங்களுக்கு விளங்கியது. எந்த வரைபடமும் அதை இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

சிந்து எழுத்தின் பத்துக் குறியீடுகள் கொண்ட பெயர்ப்பலகை கிடைத்த வடக்கு வாயிலில் அவர் நெடுநேரம் நின்றார். மரப்பலகை மட்கிப்போக, அதில் பதித்திருந்த ஜிப்சத் துண்டுகள் மட்டும் வரிசை குலையாமல் மண்ணில் கிடந்ததை அவர் விவரித்தார். அதைக் கேட்டபோது, சிந்து எழுத்து ஆய்வுக்குத் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைத் தந்த ஐராவதம் மகாதேவனைப் பற்றி நாங்கள் அவரிடம் சொன்னோம். அவர் அந்தப் பெயரைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, மேலும் பல கேள்விகள் கேட்டார். அறிவதில் அவருக்கு இருந்த அந்த ஆர்வத்தை வணங்குகிறோம். தளத்தை ஒட்டியுள்ள தொல்லியல் துறை அருங்காட்சியகத்தில் நடக்க இயலாதவர்களுக்கு நாற்காலி இட்டுக் குடிநீர் தந்த காவலருக்கும் நன்றி.

அஜ்ரக்பூரில் உள்ள கைவினை மையத்தை நடத்திவரும் ஸ்ருஜன் அறக்கட்டளையினருக்கு எங்கள் நன்றி. 1969ஆம் ஆண்டு வறட்சியின்போது நிவாரணப் பணிக்காக தனேட்டி கிராமத்துக்குச் சென்ற சந்தா ஷ்ராஃப், அங்குள்ள பெண்களுக்குப் பூத்தையலையே வருவாயாக மாற்றித் தந்ததில் தொடங்கிய பணி அது. ரபாரி, ஆஹிர், ஜத், மேக்வால் எனச் சமூகந்தோறும் வேறுபடும் தையல் முறைகளை, அவை வாழ்வில் பெறும் இடத்தோடு சேர்த்து அங்கே விளக்கியிருக்கிறார்கள். ஊசி பிடித்த கையை அறியத் தராமல் துணியை மட்டும் கண்ணாடிக்குள் வைக்கும் காட்சிக்கூடங்கள் இம்மையத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ஒரு சிறு கண்ணாடியைத் துணியில் பொருத்தும் விதத்தை, எங்கள் விரல்கள் பழகும்வரை மீண்டும் மீண்டும் செய்துகாட்டிய சகோதரிகளை மறவோம்.

அதே ஊரில், மர அச்சுகளால் துணியில் வடிவம் பதித்துச் சாயமேற்றும் அஜ்ரக் அச்சுத் தொழில் செய்யும் கத்ரி குடும்பத்தார், வேலை நடுவிலும் எங்களுக்கு நேரம் ஒதுக்கினார்கள். நிலநடுக்கத்துக்குப் பின் தமட்கா கிராமத்தின் நீரில் இரும்புச் சத்து மிகுந்து சாயம் கெட்டதால், அவர்களில் ஒரு பகுதியினர் நல்ல நீர் தேடி வந்து அமைத்த ஊரே அஜ்ரக்பூர். அவுரி, மஞ்சிட்டி ஆகிய செடிகளின் சாயங்கள் துணியில் ஏறும் ஒவ்வொரு கட்டத்திலும் அலசுவதற்கு நீர் எவ்வளவு வேண்டும் என்பதை அவர்கள் விளக்கக் கேட்டபோது, தோலாவிராவில் கேட்டதன் தொடர்ச்சியாகவே அது எங்களுக்குப் பட்டது.

புஜியா குன்றின் மேல் 2022இல் திறக்கப்பட்ட ஸ்மிருதிவன் நினைவிடத்தில், நிலநடுக்கத்தில் உயிரிழந்தோரின் பெயர்ப் பலகைகள் முன் எங்களுள் ஒருவர் மனம் கலங்கி அமர்ந்துவிட்டார். அவர் எழும்வரை அருகிலேயே இருந்த பணியாளருக்கு எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. தம் உறவினரையும் அந்நாளில் இழந்தவர் அவர் என்பதைப் பிறகே அறிந்தோம்.

ரண் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில், கண் கூசும் வெயிலில், பாதுகாப்பாக வண்டி ஓட்டிய ஓட்டுநர்களுக்கும், புஜ் விடுதியில் விடியற்காலையில் உணவு சமைத்துத் தந்தவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

நீங்கள் சொன்னவற்றை நாங்கள் தமிழில் குறிப்புகளாகத் தொகுத்து வருகிறோம். அவற்றின் இந்தி மொழிபெயர்ப்பை, எடுத்த ஒளிப்படங்களோடு சேர்த்து உங்கள் ஒவ்வொருவருக்கும் அனுப்பிவைப்போம். பிழை இருந்தால் தயவுசெய்து திருத்தித் தாருங்கள்; உங்கள் ஒப்புதல் கிடைத்த பின்னரே அவற்றை அச்சுக்குக் கொடுப்போம்.

நன்றியுடன்,
பயணக் குழுவினர்