லிஸ்பனிலிருந்து அம்மாவுக்கு

லிஸ்பன்,
மார்கழி 10.

அன்புள்ள அம்மாவுக்கு அநேக நமஸ்காரம். நான் இங்கே நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நம் வீட்டருகே இருக்கும் லஸ் மாதா கோயிலை 1516-இல் கட்டிய போர்த்துகீசியர்களின் நாட்டில், எங்கே திரும்பினாலும் நீலமும் வெள்ளையுமான ஓடுகள் பதித்த சுவர்கள்தாம் என்று முன்பே எழுதியிருந்தேன். ‘அசுலேஜு’ என்பது அவற்றின் பெயர். போர்த்தோ நகரின் சாவோ பென்தோ ரயில் நிலையக் கூடத்தில் மட்டும் ஏறக்குறைய 20,000 ஓடுகள் இருக்கின்றன. இரண்டு மாதங்களாக நானும் சமையலறை மேசையில் அமர்ந்து ஓடுகளில் படம் எழுதி வருகிறேன்.

ஒருமுறை சுட்ட 14 செ.மீ. சதுர ஓட்டில் வெள்ளீயம் சேர்ந்த வெள்ளைப் பூச்சை ஊற்றிக் காயவைத்துப் பட்டறையில் தருகிறார்கள். காய்ந்த பூச்சு கோலமாவைப் போல விரலில் ஒட்டும்; தூரிகையின் ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், தவறி விழுந்த கோட்டை அழிக்கவே முடியாது. எழுதும்போது மங்கலாகத் தெரியும் கோபால்ட் சாயம், 1000 டிகிரியை ஒட்டிய சூட்டில் சூளையில் வெந்த பிறகே நீலமாகிறது. சென்ற வாரம் பட்டறைக்கு எடுத்துச் செல்லும்போது என் கட்டைவிரல் பட்டுப் பூச்சு உதிர்ந்து, மூன்று நாள் எழுதிய மயிலின் அலகு போய்விட்டது. மிகவும் வருந்தினேன்.

படத்தைத் தாளில் வரைந்து, கோடு நெடுக ஊசியால் துளையிட்டு, ஓட்டின்மேல் வைத்துக் கரித்தூள் முடிப்பால் தட்டினால் புள்ளிகள் விழுகின்றன. அந்தக் கரி சூளையில் எரிந்துவிடும். முதல்நாள் இதைப் பார்த்ததும் மாடவீதியில் விற்கும் கோல அச்சும், அதை வாசலுக்கே கொண்டுவரக் கூடாது என்று நீங்கள் கண்டித்ததும் நினைவுக்கு வந்தன. இங்கே புள்ளிகள் வழிகாட்டுவதோடு சரி, அம்மா. கோட்டின் பருமனும், தண்ணீர் சேர்த்து நீலத்தை வெளிறச் செய்யும் பக்குவமும் முழுக்க முழுக்கக் கையின் வேலை.

பூஜை அறையில் குத்துவிளக்குக்குப் பின்னால் பதிப்பதற்காக 9 ஓடுகள் எழுத விரும்புகிறேன். பக்கத்துக்கு மூன்றாக அடுக்கினால் 42 செ.மீ. வரும், சுவரில் இடம் இருக்கிறதா என்று அண்ணாவை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒன்பது புள்ளி, ஒன்பது வரிசையில் நீங்கள் போடும் சிக்குக் கோலத்தில், நடுவரிசைக்குப் பிறகு கோடு எப்படித் திரும்புகிறது என்பது எனக்கு மறந்துவிட்டது. அந்த 42 செ.மீ. அளவுள்ள தாளில், அளவுகோல் வைக்காமல் உங்கள் கையாலேயே போட்டு அனுப்புங்கள். துளையிடுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்.