அடுத்த தூண்டில் வளைவுக்கு மனு எழுதும் முன்

உவரியிலிருந்து கூட்டப்புளி வரையுள்ள கடலோர ஊர்க் கமிட்டிப் பெரியவர்களுக்கு,

வணக்கம். மனு எழுதுவதில் நம்மை விஞ்ச ஆள் இல்லை. கச்சான் காற்றுக் காலத்தில் கடல் நாலு வீட்டை இழுக்கும், நாம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் பஸ் ஏறுவோம், கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு கேட்போம். கேட்டதில் தப்பில்லை. என் சித்தி வீட்டு அடுப்படி இருந்த இடத்தில் இன்றைக்கு அலை அடிக்கிறது. ஆகவே கல்லே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தக் கல் எதன் மேல் விழுகிறது என்பதுதான் என் கேள்வி.

அப்பா சிங்கிறாலுக்கு வலை வைத்த கரைப்பார் ஒன்று உண்டு; கரையை ஒட்டிக் கடலுக்கடியில் கிடக்கும் பாறைதான் அது. வாடைக் காலத்தில் அதன் மேல் கட்டக்கோரை என்கிற பழுப்புப்பாசி ஆள் உயரத்துக்கு நிற்கும் என்பார். (அப்பாவின் ஆள் உயரத்தில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.) கோரைக்குள்தான் குஞ்சு மீன் ஒளியும், ஓரா மேயும், கணவாய் முட்டை வைக்கும். இடிந்தகரைப் பாறைகளில் பாசி பார்க்கக் கல்லூரிகள் தாவரவியல் மாணவர்களைக் கூட்டி வருவதுண்டு. நமக்கு அது காலில் வழுக்கும் சனியன், அவ்வளவுதான்.

பாசிக்கு வேர் கிடையாது. பாறையைக் கவ்வுகிற ஒரு பிடி மட்டும்தான். அதன் வித்து வந்து ஒட்டவும் வெறும் பாறை வேண்டும். மேலே மணல் மூடிவிட்டால் ஒட்டாது. தூண்டில் வளைவு கரையோரம் ஓடும் மணலை மறிக்கிறது. ஒரு பக்கம் மேடு தட்டும், மறுபக்கம் கரை அரிக்கும். மேடு தட்டுகிற பக்கத்துப் பார் மண்ணுக்குள் போய்விடும். அரிக்கிற பக்கத்து ஊர் அடுத்த மனுவை எழுதும். சில இடத்தில் கல்லையே பாரின் தலையில் கொட்டுகிறோம்.

இதோடு சாக்கடை வேறு. கழிவு சேர்கிற இடத்தில் பச்சைப்பாசி மண்டும், கோரை மெலியும். கடலும் சூடாகிவிட்டது: மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பவளம் வெளுத்ததை எல்லாரும் அறிவோம். அந்தச் சூட்டை நம் கமிட்டி குறைக்க முடியாது. கல்லையும் சாக்கடையையும் பற்றிப் பேச முடியும்.

"அதான் பாசி வளர்ப்புத் திட்டம் வருதே" என்று ஒரு பெரியவர் சொன்னார். மிதவையில் கட்டி வளர்ப்பது பிழைப்பு. பெண்களுக்கு நாலு காசு கிடைத்தால் நல்லதுதான். ஆனால் அது பாரை மீட்பது ஆகாது. மண்டபம் பக்கம் வளர்க்கும் கப்பாபைகஸ் என்கிற பாசி பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சரக்கு. அது குருசடைத் தீவில் பவளத்தின் மேல் படர்ந்தது 2008-லேயே பதிவாகிவிட்டது. சூட்டுக்கும் தாங்கவில்லை, 2013-ஐ ஒட்டி ஏகப்பட்டது அழுகிப்போனது.

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரக் கரையில் சுமார் 70 கிலோமீட்டருக்கு ஒருவகைப் பழுப்புப்பாசி 1980-களுக்குள் இல்லாமல் போனது. நகரத்துச் சாக்கடைதான் காரணம் என்கிறார்கள். பிறகு சாக்கடையைச் சரிசெய்தார்கள், தண்ணீரும் தெளிந்தது. பாசி மட்டும் தானாகத் திரும்பவில்லை. நகரத்துக்கு வடக்கேயும் தெற்கேயும் மிஞ்சியிருந்த செடிகளைக் கொண்டுவந்து பாறையில் பதித்தார்கள். அவை வித்துவிட்டு, குஞ்சுச் செடிகள் முளைத்தன. நம் திருநெல்வேலி மாவட்டத்துக் கரை மொத்தமே 50 கிலோமீட்டர் அளவுதான். தாய்ச் செடி நிற்கிற பார் ஒன்றிரண்டாவது மிஞ்சினால்தான் நாளைக்கு எடுத்து நட முடியும்.

அதனால் அடுத்த மனுவோடு இரண்டு காரியம் செய்யுங்கள். கல் போடும் முன் அந்த இடத்துப் பார்களை மீன்வளத் துறை அளந்து வரைபடம் போட வேண்டும், அளக்கும் படகில் நம் ஊர் முக்குளிப்பவர்களும் இருக்க வேண்டும். இது மனுவில் சேர்க்க வேண்டியது. இரண்டாவது நம் கையில் இருப்பது. கோரை நன்றாக நிற்கும் பார் ஒன்றை ஊருக்கு ஊர் நாமே ஒதுக்கி, அங்கே கல், குப்பை, பாசி அறுப்பு எதுவும் கூடாது என்று கமிட்டியில் எழுதி வைக்க வேண்டும். வலைக்குத் தடை கேட்கவில்லை, பயப்பட வேண்டாம்.

அப்பாவுக்கு எழுபத்தொன்று ஆகிறது. கோயில் கோபுரத்தையும் மலையையும் ஒரே நேரில் வைத்துப் பார்த்தே ஒவ்வொரு பாரையும் பெயரோடு காட்டுவார். எதையும் யாரும் எழுதி வைக்கவில்லை. கமிட்டி சொன்னால் நாளைக்கே படகு ஏறத் தயாராம். டீசல் மட்டும் நீங்கள் போட வேண்டும் என்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி