அந்தப் பாம்பு சாரை, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடித்துச் சுவரோரம் நீட்டிப் போட்டிருந்தார்களே, அது நாகம் இல்லை, சாரை. பெரிய கண், உதட்டில் பேனாவால் இழுத்த மாதிரி கறுப்புக் கோடுகள், பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சாரைக்கு விஷமே கிடையாது. உங்கள் தெரு முன்பு வயலாக இருந்த இடம், எலி இருக்கும், அதைத் தேடி வந்திருக்கும். மனசு கேட்கவில்லை பாப்பா.

அதற்காக அலட்சியமாக இரு என்று சொல்லவில்லை. உன் சின்னத் தாத்தா கதை உனக்கு முழுதாகத் தெரியாது. ஒரு மழைக்கால ராத்திரி திண்ணையில் பாய் விரித்துப் படுத்தவர், விடியும்போது வயிறு வலிக்கிறது என்று எழுந்தார். வீக்கமில்லை, காயமில்லை. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் இமை தானாகச் சரிந்தது, அதை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு பேச்சு குழறியது. வண்டி கட்டிக்கொண்டு போவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. பாயைச் சுருட்டும்போதுதான் அடியில் கட்டுவிரியன் கிடந்தது. அது கடித்தால் பல நேரம் எறும்பு கடித்த அளவுக்குக்கூடத் தெரியாது.

அதனால் நம் குட்டிப் பையனைத் தரையில் படுக்க வைக்காதே, வைத்தால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிடு. ராத்திரி வாசலுக்குப் போனால் டார்ச் வேண்டும். வீடு கட்டி மிச்சமான செங்கல் குவியலை முதலில் எடுக்கச் சொல், எலியும் பாம்பும் ஒதுங்குகிற இடமே அதுதான்.

இனி பாம்பு வந்தால் யாரும் கம்பைத் தூக்க வேண்டாம். அடிக்கப் போய்க் கடி வாங்கியவர்களை நம் ஊரிலேயே பார்த்திருக்கிறேன், செத்த பாம்பின் தலைகூடத் தொட்டால் கடிக்கும். ஒருவர் தள்ளி நின்று அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கட்டும், இன்னொருவர் 101க்குப் போன் போடுங்கள், தீயணைப்புக்காரர்கள் வந்து பிடிப்பார்கள். அதற்குள் அதுவே போய்விட்டால் போகட்டும்.

ஒருவேளை கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். பாம்பைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியை எடுத்துக் கொடுப்பது யார் தெரியுமா? மாமல்லபுரம் போகிற வழியில், வடநெம்மேலியில், 1978ல் அமைந்த இருளர் கூட்டுறவுச் சங்கம். பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023ல் பத்மஸ்ரீ கொடுத்தார்களே, பாம்பு பிடிப்பதில் அவ்வளவு கைதேர்ந்தவர்கள்.

லீவு விட்டதும் குட்டியை அங்கே கூட்டிக்கொண்டு போ, முதலைப் பண்ணை வளாகத்திலேயே இருக்கிறது. அடிபட்டுக் கிடந்ததைத்தானே அவன் பார்த்திருக்கிறான், உயிரோடும் ஒரு தடவை பார்க்கட்டும்.

செங்கல்லை எடுத்ததும் சொல்.

அப்பா