கருத்தடை: நாயின் இனத்தையும் வயதையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வளர்ப்பு நாய்க்குக் கருத்தடை செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு, 'ஆறு மாதத்திலேயே செய்துவிடுங்கள்' என்றோ, 'ஒரு தடவையாவது குட்டி போடட்டும்' என்றோ ஒற்றை வரியில் பதில் கிடைத்துவிடுகிறது. இவ்விரண்டில் எதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இரண்டாவது பேச்சைக் கேட்டு எங்கள் பெட்டை லாப்ரடாருக்குக் கருத்தடையைத் தள்ளிப்போட்டோம். பிறகு மறந்தே போனோம். ஒன்பதாவது வயதில், இணைசேரும் பருவம் முடிந்த சில வாரங்களில், அது ஓயாமல் தண்ணீர் குடித்தது, சோற்றைத் தொடவில்லை. வெயில்தான் காரணம் என்று நான்கு நாட்களைக் கடத்தினோம். கருப்பை முழுவதும் சீழ் பிடித்திருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அது கண் விழிக்கவே இல்லை. இது அரிய நோயும் அன்று. பெரும்பாலும் கருத்தடை செய்யாமலே நாய் வளர்க்கும் ஸ்வீடனில், காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, 10 வயதுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு பெட்டைக்கு இது வந்திருப்பது தெரிந்தது. கருப்பையை அகற்றிவிட்டால் இந்த ஆபத்து அநேகமாக இல்லாமலே போகிறது. ஒரு முறை ஈன்றால் உடலுக்கு நல்லது என்பதற்கோ மருத்துவ ஆதாரம் கிடையாது.

அதற்காக ஆறு மாதக் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் சரியன்று. எலும்பின் வளர்ச்சியை உரிய காலத்தில் நிறுத்துவதில் பாலின ஹார்மோன்களுக்குப் பங்கு உண்டு. அவை முன்கூட்டியே இல்லாமல் போனால் கால் எலும்புகள் சற்றுக் கூடுதலாக நீண்டு, மூட்டுகளின் பொருத்தம் குலைகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் 35 இனங்களை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் போன்ற பெரிய இனங்களில் ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்தவற்றுக்கு இடுப்பு, முழங்கால் மூட்டு நோய்கள் கூடியிருந்தன. சிறிய இனங்களில் அப்படிக் கூடவில்லை. சில பெட்டைகளுக்குப் பிற்காலத்தில் சிறுநீரை அடக்க முடியாமல் போவதும், தீனியைக் குறைக்காவிட்டால் உடல் பெருப்பதும் உண்டு. கருத்தடை செய்த ஆண் நாய்க்கு விரைப் புற்றுக்கட்டி வராது என்பது நன்மைதான். ஆனால் கருப்பைச் சீழ் போன்ற பேராபத்து அதற்கு இல்லாததால் பொறுத்திருந்து முடிவெடுக்கலாம். வீட்டில் வளரும் பெட்டைக்குக் கருத்தடை அவசியம் என்றே நான் கருதுகிறேன். லாப்ரடாராக இருந்தால் ஒரு வயது நிறைந்த பிறகு செய்ய வேண்டும்.

அந்த 35 இனங்களில் ராஜபாளையமோ, சிப்பிப்பாறையோ, கோம்பையோ இல்லை. நெடிய கால்களையுடைய நம் வேட்டை நாய்களுக்கு எந்த வயது ஏற்றது என்பதை, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் அரசுக் கால்நடை மருத்துவமனைகளும் அறுவை நடந்த வயதையும் பின்னாளில் வந்த நோய்களையும் பதிந்து ஆராய்ந்து சொல்ல வேண்டும். பருவம் முடிந்த இரண்டு மாதங்களுக்குள் பெட்டை நாய் வழக்கத்தை மீறித் தண்ணீர் குடித்தால், வெள்ளையோ சீழோ வெளியே தெரியாவிட்டாலும், அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும் என்பதைத் தங்கள் நாளிதழ் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருநெல்வேலி.