அந்தப் பையனின் சம்பளத்தைப் பிடிக்காதே

ஓசூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. அம்மா மறுபடியும் படியேறுகிறார்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. போச்சம்பள்ளித் தோட்டத்தில் மாமரங்கள் நன்றாகப் பூத்திருப்பதாக மாமாவும் சொன்னார். ஆனால் மூன்று நாளாக எனக்கு வளைந்துபோன உன் அலுமினியத் தகட்டின் நினைவுதான்.

தகட்டைக் கெடுத்துவிட்டான் என்று உன்னிடம் வேலை செய்யும் அந்தப் பையனின் சம்பளத்தைப் பிடிக்காதே. 25 மி.மீ. கனத் தகட்டில் மேல்பக்கம் மட்டும் 10 மி.மீ. வெட்டினான், கிளாம்பைக் கழற்றியதும் ஓரங்கள் மேலே எழுந்துவிட்டன என்று எழுதியிருக்கிறாய். அந்த வளைவு அவன் கைக்கு வருமுன்பே தகட்டுக்குள் இருந்தது.

உங்கள் தெருமுனைப் பட்டறையில் அரிவாளுக்குத் தோய்ச்சல் வைப்பதை நின்று பார்ப்போமே, நினைவிருக்கிறதா? உன் தகடு 7075 என்ற அலுமினியக் கலவை; அதையும் சுமார் 470 டிகிரிக்குச் சூடாக்கித் தண்ணீரில் அமிழ்த்துகிறார்கள். மேற்பரப்பு முதலில் குளிர்ந்து சுருங்கப் பார்க்கிறது. உள்ளே இன்னும் சூடு இருப்பதால் சுருங்க முடியாமல் நீண்டுவிடுகிறது. பிறகு உட்பகுதி குளிர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பையும் சேர்த்து இழுக்கிறது. கடைசியில் மேலும் கீழும் அமுக்கத்தில், நடுப்பகுதி இழுவிசையில். இரண்டும் சமமாக இருக்கும்வரை தகடு நேராக இருக்கும். ஒரு பக்கத்தைச் சீவி எடுத்தால் சமநிலை போய், வெட்டிய பக்கமாகக் குழிந்துகொள்கிறது.

இரும்பு என்றால் 600 டிகிரி அளவில், அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் வைத்து, உலைக்குள்ளேயே ஆறவிட்டு, உள்ளே அடைபட்ட இந்த இழுபறியை, அதாவது தகைவை, தணிக்கலாம். இந்த அலுமினியத்தை அப்படிச் சுட்டால் வலிமையே போய்விடும். தோய்த்த பிறகு வலிமை கூடுவதற்காக 120 டிகிரியில் 24 மணி நேரம் முதிர வைக்கிறார்களே, அந்தச் சூட்டில் தகைவு கொஞ்சம்தான் குறையும். ஆகவே ஆலையிலேயே, தோய்த்த பிறகு, தகட்டை இரு முனையிலும் பிடித்து இரண்டு சதவீதம் அளவுக்கு இழுத்து நீட்டுகிறார்கள். மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர்! எல்லா அடுக்கும் ஒன்றுபோல நெகிழ்ந்துகொடுப்பதால் உள்ளே இருந்த பிணக்கு பெரும்பாலும் தீர்ந்துவிடும். அப்படி நீட்டியதற்குத்தான் டி651 என்று பெயர். வெறும் டி6 என்றால் நீட்டாதது. விலையைப் பார்த்து நீ வாங்கியது எது?

சூடாக்கி அடித்து உருவாக்கிய சிக்கலான வடிவங்களை இப்படி இழுக்க முடியாது. அவற்றை 60, 70 டிகிரி வெந்நீரில் தோய்ப்பார்கள். தகைவு குறையும், வலிமையும் சற்றுக் குறையும்.

கையில் மீதமிருக்கும் தகடுகளை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டச் சொல். முடிவு வெட்டுக்கு முன் கிளாம்பை முழுவதும் தளர்த்தி, வளைகிற வரை வளையவிட்டு, பிறகு லேசாகப் பிடிக்கட்டும்.

பதினாறு வருடத்துக்கு முன் இதே காரணத்துக்காக ஒரு பையனை நான் எல்லோர் முன்னிலையிலும் திட்டினேன். மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை. தகடுதான் காரணம் என்று நான் தெரிந்துகொண்டபோது அவனைத் தேடிப் பிடிக்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அடுத்த ஞாயிறு சேலம் போகும் வழியில் தருமபுரியில் இறங்குகிறேன். வளைந்த தகட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதே. அந்தப் பையனையும் இருக்கச் சொல்.

அன்புடன்,
செல்வம்